அல்ட்ராலைட்டில் பறக்க ஆசையா? எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

"லைசென்ஸ் வேண்டாம், மெடிக்கல் வேண்டாம், பதிவு எண்ணும் வேண்டாம். வாங்கினோமா, பறந்தோமா என்று இருக்கலாம்." இப்படிச் சொல்லும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது அமெரிக்காவில் மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வகை இயந்திரத்துக்கு மட்டும் செல்லும். வேறு நாட்டில் இருந்துகொண்டு அதை நம்பி ஒன்றை இறக்குமதி செய்தால், அது பறப்பதற்கு முன்பே பறிமுதலாகிவிடலாம்.

விமானமே ஓட்டிப் பழகாதவர், பொழுதுபோக்குக்காக அல்ட்ராலைட் எனப்படும் மிக லேசான சின்ன விமானம் ஒன்றை ஓட்ட நினைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இதில் வரிசை முக்கியம். ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் முதலில் இயந்திரத்தை வாங்குகிறார்கள், அப்புறம் பயிற்சிக்கு ஆள் தேடுகிறார்கள், சட்டத்தைக் கடைசியில்தான் படிக்கிறார்கள். அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள்.

முதல் படி: சட்டம் உங்களிடம் எதை ஒப்படைக்கிறது என்று பாருங்கள்

உலகத்திலேயே லேசான விதிகளில் ஒன்று அமெரிக்காவின் பார்ட் 103, அதாவது அந்த நாட்டு விமான விதித்தொகுப்பின் 103-ம் பகுதி. அது 1982-ல் வந்தது. அதன்படி அல்ட்ராலைட்டில் ஒருவர் மட்டுமே ஏறலாம். பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் மட்டுமே பறக்கலாம். இன்ஜின் உள்ளதன் வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். டாங்க் 5 காலனுக்கு மேல் கொள்ளக் கூடாது; லிட்டரில் கிட்டத்தட்ட 19. முழு விசையில் மட்டமாகப் பறக்கும்போது வேகம் 55 நாட் (knot, விமான வேகத்தை அளக்கும் அலகு) என்ற அளவைத் தாண்டக் கூடாது; மணிக்குச் சுமார் 102 கி.மீ. இன்ஜின் விசை இல்லாதபோது ஸ்டால் வேகம் 24 நாட் அளவுக்கு மேல் போகக் கூடாது. எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாதோ, அதுதான் ஸ்டால் வேகம்.

இந்த எண்களோடு மற்ற நிபந்தனைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஊருக்கு மேலும் திறந்தவெளிக் கூட்டத்துக்கு மேலும் பறக்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில்தான் பறக்க வேண்டும். தரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மற்ற எல்லா விமானங்களுக்கும் நீங்கள்தான் வழிவிட வேண்டும். எடை குறைவு, வேகம் குறைவு, எரிபொருள் குறைவு, கூட ஆள் இல்லை, கீழேயும் ஆள் இல்லை. அரசாங்கம் சொல்லாமல் சொல்வது இதுதான்: அடுத்தவர் தலையில் விழாதவரை உன் உயிரை நீயே பார்த்துக்கொள்.

இதைச் சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய விமானத்தில் வடிவமைப்பைச் சோதித்துச் சான்று தருபவர் ஒருவர். பராமரிப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். ஓட்டுபவருக்குத் தேர்வு வைப்பவரும் உடல்நிலையைப் பார்க்கும் டாக்டரும் தனித்தனி. பார்ட் 103-ன் கீழ் இந்த நாலு பேர் வேலையும் ஓட்டுகிறவர் தலையில் வந்து விழுகிறது. விதி எவ்வளவு லேசோ, அவ்வளவுக்கு உங்கள் வேலை கனம்.

பல நாடுகள் இந்த அளவுக்கு விட்டுவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2018-ம் ஆண்டு விமானச் சட்டத்தில், லேசான விமானங்களைப் பொது விதிகளிலிருந்து விலக்கி அந்தந்த நாட்டிடமே விட்டிருக்கிறது. தரையிலிருந்து கிளம்பும் ஈரிருக்கை விமானத்துக்கு எடை வரம்பு 450 கிலோ, அவசரப் பாராசூட் பொருத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். விருப்பப்பட்ட நாடு இதை 600 கிலோ வரை உயர்த்திக்கொள்ளலாம். பிரிட்டன் 2021-ல் மைக்ரோலைட் (இந்த லேசான விமானங்களுக்கு அங்கே உள்ள பெயர்) வரம்பை 600 கிலோவாக்கியது. அங்கே 300 கிலோவுக்கு உட்பட்ட ஓரிருக்கை மைக்ரோலைட்டுக்குப் பறப்புத் தகுதிச் சான்று தேவையில்லை. ஆனால் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் கட்டாயம். கனடாவில் அல்ட்ராலைட்டுக்கென்று தனி பெர்மிட் உண்டு. அதற்குக் குறைந்தது 10 மணி நேரப் பறப்புப் பயிற்சி. பிரிட்டனின் மைக்ரோலைட் லைசென்ஸுக்கு 25 மணி நேரம். 15 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் தூரத்துக்கும் வானிலைக்கும் கட்டுப்பாடு போட்ட லைசென்ஸ்தான் கிடைக்கும்.

ஆகவே உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் சில விஷயங்களைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைக்கும் இயந்திரம் எந்த வகையில் வருகிறது? அதைப் பதிவு செய்ய வேண்டுமா? ஓட்டுகிறவருக்கு என்ன லைசென்ஸ், என்ன மெடிக்கல்? எங்கிருந்து கிளம்பலாம், சொந்த நிலமாக இருந்தாலும் அனுமதி வேண்டுமா? சில நாடுகளில் விமானத் துறையின் அனுமதி மட்டும் போதாது, உள்துறை அல்லது பாதுகாப்புத் துறையின் அனுமதியும் தேவைப்படும். விற்பனையாளர் இதற்கெல்லாம் வாயால் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். அவருக்குத் தெரிந்தது அவர் நாட்டுச் சட்டம்.

எல்லை தாண்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. பன்னாட்டுப் பறப்பில் ஈடுபடும் விமானத்துக்குப் பறப்புத் தகுதிச் சான்று வேண்டும் என்கிறது 1944-ம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. பல அல்ட்ராலைட்டுகளுக்கு அந்தச் சான்றே கிடையாது. பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்த நாடு தனியாக அனுமதி தர வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வகை?

நாலு வகைதான் அதிகம் புழங்குகிறது. வழக்கமான விமானம்போல கையால் இயக்கும் ஸ்டிக்கும், வால் சுக்கானைக் காலால் திருப்பும் ரட்டர் பெடலும் உள்ள மூன்று-அச்சு அல்ட்ராலைட், துணி இறக்கைக்குக் கீழே தொங்கும் டிரைக், முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு ஓடிக் கிளம்பும் பாராமோட்டர், மேலே சுழலி தானாகச் சுழலும் ஜைரோபிளேன்.

எதில் ஆபத்து குறைவு என்று கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் ஆபத்து ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் பதில். பாராமோட்டரில் மெதுவாகப் பறக்கலாம். ஆனால் தரையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது புரொப்பெல்லரில் கை மாட்டுவது அதில் அடிக்கடி கேள்விப்படும் விபத்து. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் இன்ஜினின் எடையும் நனைந்த துணியும் கயிறுகளும் சேர்ந்து ஆளை உள்ளே இழுத்துவிடும். ஏரி, கடல் பக்கம் பறக்கிறவர் தானாக உப்பும் மிதவையை மாட்டாமல் கிளம்புவதை நான் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். ஜைரோவில் சுழலியின் மேல் எப்போதும் எடை தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டிக்கைச் சட்டென்று முன்னால் தள்ளி எடையில்லாத நிலையை உண்டாக்கினால் சில வடிவங்கள் குப்புறக் கவிழ்ந்துவிடும். அதற்குப் பிறகு மீட்கவே முடியாது.

டிரைக்கில் உள்ள சிக்கல் வேறு வகை. ஸ்டிக்கை இழுத்தால் விமானத்தின் மூக்கு உயரும். டிரைக்கில் கையால் பிடித்து ஓட்டும் குறுக்குக் கம்பியை இழுத்தால் மூக்கு இறங்கும், தள்ளினால்தான் உயரும். புதிதாக இரண்டில் ஒன்றைக் கற்பவருக்குக் கவலை இல்லை. ஒன்றில் ஊறிப்போனவர் மற்றதுக்கு மாறினால், நிதானமாக இருக்கும்வரை சரியாகத்தான் ஓட்டுவார். திடீரென்று ஏதாவது ஆகும்போது கை பழைய வழக்கத்துக்குப் போய்விடும். மாறுகிறவர்கள் முதலிலிருந்து பாடம் எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: பயிற்றுநர்

பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். "ஓரிருக்கை விமானத்தில் எப்படி ஐயா சொல்லிக்கொடுப்பார்கள்?" என்று கேட்டால், சொல்லிக்கொடுக்க முடியாது. அதே குணமுள்ள ஈரிருக்கை விமானத்தில்தான் கற்க வேண்டும். அமெரிக்காவில் ஈரிருக்கை அல்ட்ராலைட்டில் பயிற்சி தரப் பல வருடம் விதிவிலக்கு இருந்தது; 2008 ஜனவரியோடு அது முடிந்தது. அப்புறம் அங்கேயும் லைட்-ஸ்போர்ட் என்ற வகையில் பதிவு செய்த லேசான விமானங்களுக்குத்தான் பயிற்சி நகர்ந்தது.

பயிற்றுநரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: இன்ஜின் நின்றுபோவதை எத்தனை வகுப்பில் பழக்குவீர்கள்? "கடைசியில் ஒரு தடவை காட்டுவேன்" என்றால் வேறு இடம் பாருங்கள். நல்ல பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைத்துவிட்டு, "இப்போது எங்கே இறங்குவாய்?" என்பார். ஏறும்போது, திரும்பும்போது, நீங்கள் அழகை ரசித்துக்கொண்டிருக்கும்போது என்று அவருக்கு நேரம் காலம் கிடையாது. கொஞ்ச நாளில் அவர் கேட்காமலே உங்கள் கண் கீழே வயலைத் தேட ஆரம்பித்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அல்ட்ராலைட்டில் இன்ஜின் நிற்பது பெரிய விமானத்தில் நிற்பதுபோல அல்ல. ஒரு காகித உருண்டையையும் ஒரு கிரிக்கெட் பந்தையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். காகிதம் கொஞ்ச தூரத்திலேயே தொங்கிப்போகும். எடை குறைவு, கம்பியும் குழாயும் திறந்த இருக்கையும் உண்டாக்கும் காற்றுத்தடை அதிகம். மூக்கை நிமிர்த்தி ஏறிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றால், என்ன ஆயிற்று என்று யோசிக்கும் அந்த ஓரிரு விநாடியிலேயே வேகம் ஸ்டாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உடனே, யோசிக்காமல், மூக்கைக் கீழே இறக்க வேண்டும். தரை பக்கத்தில் இருக்கும்போது மூக்கைத் தரையை நோக்கித் திருப்ப மனசு வராது. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் பயிற்சி. பெரிய விமானத்தில் நிறைய அனுபவம் உள்ளவர்கள்கூட அல்ட்ராலைட்டில் அடிபடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அவர்கள் கை இன்னும் கிரிக்கெட் பந்தின் கணக்கில் இருக்கிறது.

கிளம்பிய உடனே இன்ஜின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பப் பார்க்காதீர்கள். நேரே, அல்லது சற்று இடம் வலமாக, கிடைத்த இடத்தில் இறங்குங்கள். திரும்புவது ஏன் ஆபத்து என்பதற்கு எண்களே போதும். விமானத்தைச் சாய்த்து உயரம் குறையாமல் திருப்பும்போது ஸ்டால் வேகம் கூடுகிறது: 30 டிகிரி சாய்வில் 7 சதவீதம், 45-ல் 19 சதவீதம், 60-ல் 41 சதவீதம். நேராகப் பறக்கையில் 30 நாட் வேகத்தில் ஸ்டாலாகும் விமானம் 60 டிகிரி சாய்வில் 42 நாட் வேகத்திலேயே ஸ்டாலாகிவிடும். பதற்றத்தில் ரட்டரையும் அதிகமாக அழுத்தினால் விமானம் சுழன்றுகொண்டே விழத் தொடங்கும், மீட்க உயரம் இருக்காது. இறங்க வரும்போது ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும் கடைசித் திருப்பத்திலும் இதே கதைதான். அந்தத் திருப்பத்தில் ஓடுபாதையைத் தாண்டிவிட்டால் சாய்வைக் கூட்டிச் சரிசெய்ய முயலாமல், விட்டுவிட்டு மறுபடி சுற்றி வாருங்கள். பெட்ரோல்தான் கொஞ்சம் செலவாகும்.

நான்காம் படி: இன்ஜினும் எரிபொருளும்

லேசான இயந்திரங்களில் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்தான் அதிகம். எடைக்கு நல்ல சக்தி தரும், ஆனால் ஆயுள் குறைவு. ரோட்டாக்ஸ் 582 போன்ற டூ-ஸ்ட்ரோக்கை 300 மணி நேரத்தில் முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும். அதே நிறுவனத்தின் 912 ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு அது 2000 மணி நேரம். சான்று பெறாத இந்த இன்ஜின்களின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது: இன்ஜின் திடீரென்று நின்றால் பத்திரமாக இறங்க முடியாத இடத்திலோ உயரத்திலோ பறக்காதீர்கள் என்று. தயாரித்தவரே இப்படி எழுதியிருக்கும்போது நமக்கு என்ன வந்தது.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும், பொதுவாக 50-க்கு 1. கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள், கலந்த கேனில் தேதி எழுதுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நாளானால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பழைய பெட்ரோலை மோட்டார்சைக்கிளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பிக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினைச் சூடேறவிடாமல் முழு த்ராட்டில் கொடுத்தால், பிஸ்டன் வேகமாக விரிந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். வெப்பமானி சொல்லும்வரை பொறுங்கள்.

கார்புரேட்டரில் பனி பிடிப்பது குளிர் நாட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். உள்ளே எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று குறுகலான இடத்தில் பாயும்போதும் வெப்பம் கடுமையாக இறங்குகிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், 25 டிகிரி வெயிலிலும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது பனி பிடிக்கலாம்.

ஐந்தாம் படி: கிளம்புமுன் சுற்றிப் பார்ப்பது

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே திசையில் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாக உருளும். கன்ட்ரோல் கேபிள் முழுக்க ஒரு பழைய துணியை வைத்து இழுங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டும். வெறும் விரலால் செய்தால் விரல் கிழியும். பூட்டு நட்டு ஒவ்வொன்றிலும் போல்ட்டின் மரை ஒன்றாவது வெளியே தெரிய வேண்டும். நைலான் உள்ள நட்டைக் கழற்றினால் அதையே திரும்பப் போடாதீர்கள், புதிது போடுங்கள். டிரைக் என்றால் வண்டியை இறக்கையோடு இணைக்கும் அந்த ஒற்றைப் போல்ட்டையும், அது உடைந்தால் தாங்கும் மாற்றுப் பட்டையையும் கையால் தொட்டே பாருங்கள். புரொப்பெல்லரின் முன்விளிம்பில் நகத்தை ஓட்டினால் சின்ன வெட்டும் தெரியும்.

இறக்கையை மடித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொன்று. பூட்டி முடித்ததும் ஸ்டிக்கை அசைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்க உதவும் அசையும் பலகைதான் எய்லரான்; அதை ஒருவர் கையால் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். எதிர்ப்பு தெரிந்தால்தான் இணைப்பு உண்மையில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தால் இடது எய்லரான் மேலே போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: காற்றும் வான்வெளியும்

அல்ட்ராலைட்டுக்காரர்கள் விடியற்காலையிலும் சாயங்காலமும் பறப்பதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. மதியம் தரை சூடேறி, காற்று தூண் தூணாக மேலே கிளம்பும். லேசான இறக்கையை அது தூக்கிப் போடும். வெப்பம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தியும் குறைவதால் ஓடுபாதை அதிகம் தேவைப்படும், ஏறுவதும் மந்தமாகும். மர வரிசைக்குப் பின்னால் காற்று சுருண்டு கீழே விழும் இடத்தில் இறங்க நேர்ந்தால், மரத்தின் உயரத்தைப் பார்த்துத் தள்ளி இறங்குங்கள். தாழ்வாகப் பறக்கும் ஆசை வந்தால் மின்கம்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி கண்ணில் படாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும்.

மேகத்துக்குள் போகாதீர்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-ல், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். அடிவானம் தெரியாத அல்ட்ராலைட்டில் உங்களுக்கு உதவக் கருவியும் பெரிதாக இருக்காது.

வான்வெளி விஷயத்தில் சுருக்கமாக: எங்கே கட்டுப்பாட்டு மண்டலம் தொடங்குகிறது என்று வரைபடத்தில் பாருங்கள், அன்றைய நோட்டாம் (NOTAM, விமானிகளுக்கு அதிகாரிகள் வெளியிடும் எச்சரிக்கை) அறிவிப்புகளைப் படியுங்கள், கட்டாயமில்லை என்றாலும் ஒரு விமான ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசை.

ஏழாம் படி: பாராசூட்

விமானத்தையே சுமந்து இறக்கும் ராக்கெட் பாராசூட்டை நான் கூடுதல் வசதியாக எண்ணுவதில்லை, இருக்கை பெல்ட் மாதிரி வேண்டிய பொருளாகத்தான் நினைக்கிறேன். சட்டங்களும் அதை ஊக்குவிக்கின்றன; பார்ட் 103-ல் அதன் எடைக்கு 24 பவுண்டு வரை தனியாக விட்டுக்கொடுக்கிறார்கள், ஐரோப்பா எடை வரம்பில் கூடுதல் விடுவதும் அதனால்தான். ஆனால் பாதுகாப்பு ஊசியைப் பிடுங்காமல் பறந்தால் அது வெறும் சுமை. கிளம்புமுன் ஊசியை எடுப்பதும், இறங்கியதும் உடனே செருகுவதும் உங்கள் செக்லிஸ்டில் இருக்க வேண்டும். ராக்கெட் எந்தப் பக்கம் பாயும் என்று காட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். விபத்துக்குப் பின் வெடிக்காமல் கிடக்கும் ராக்கெட், காப்பாற்ற ஓடிவருகிறவரைத் தாக்கும்.

கடைசியில்தான் சொந்த விமானம்

தனியாகப் பறக்க ஆரம்பித்த பிறகு வாங்குங்கள். பழையது வாங்கினால் இன்ஜின் மணி நேரத்தைவிட வெயிலில் நின்ற காலத்தைக் கேளுங்கள். இறக்கைத் துணி புறஊதாக் கதிரில் வலுவிழக்கும். பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும். துணிக்குள் ஊசியைச் செருகிக் குறிப்பிட்ட விசையில் இழுத்து, கிழிகிறதா என்று பார்க்கும் பெட்சோமீட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. அந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். தராசில் ஏற்றி எடையும் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் பெரிய டாங்கும் சக்கர மூடிகளும் பூட்டி வரம்பைத் தாண்டியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அது அல்ட்ராலைட் இல்லை, பதிவு செய்யாத விமானம்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படியுங்கள், தனியார் விமானப் பறப்பை விலக்கும் ஷரத்து பல பத்திரங்களில் உண்டு. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் தனிநபர் பீக்கன் ஒன்றை உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். விமானத்தில் மாட்டிவைத்தால் அது ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் விழலாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்கு மேல் எவ்வளவு நேரம் பொறுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்று தரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இறங்கியதும் அவருக்குப் போன் செய்ய மறக்காதீர்கள். மறந்தால் தேடுதல் குழு கிளம்பிவிடும்.